பச்சை ஹண்டாவுக்கு மூடி இல்லை

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. பிறந்து வளர்ந்தது தாராவி, கல்யாணத்துக்குப் பிறகு டோம்பிவிலி. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தேன், அப்புறம் இங்கிலீஷ் மீடியம். தாதரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். லோக்கல் ரயிலில் போக வர எழுதிய கதைகள் 9 இருக்கின்றன, அதில் 5 சிறுபத்திரிகைகளில் வந்தன. போன வருடம் இங்கே ஒரு கூட்டத்தில் என் கதையை வாசித்தபோது பெரியவர் ஒருவர் எல்லோர் முன்னாலும், “இது தமிழே இல்லை, முதலில் இலக்கணம் படித்துவிட்டு வாங்க” என்றார். அன்றிலிருந்து எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. கதையைப் படித்த சிலர் நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள். அந்த நேரத்துக்குச் சந்தோஷம்தான், பத்து நிமிடத்தில் ‘பாவம் பார்த்துச் சொல்கிறார்கள்’ என்று தோன்றிவிடுகிறது. இவர்களை நம்பி எழுதலாமா, இல்லை மரியாதையாக நிறுத்திக்கொள்வதா? ஒரு கதையையும் எனக்கு வந்த மூன்று கடிதங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

டோம்பிவிலி வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கவர் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, முதலில் அதற்கு மன்னிப்பு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்றால் நவம்பரிலிருந்தே எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு தண்ணி கிடையாது. வருடம் முழுக்கத் தூங்கிய கைப்பிரதிகள் எல்லாம் ஒரே வாரத்தில் எழுந்து வந்து செம்பூரில் என் சாப்பாட்டு மேஜைமேல் உட்கார்ந்துகொள்ளும், என் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். அந்தக் குவியலுக்கு அடியில்தான் நீங்கள் இருந்தீர்கள்.

நான் மனநல மருத்துவர் இல்லை. 26 வருடமாக அடுத்தவர் எழுதியதைத் திருத்திக் கொடுத்துப் பிழைக்கிறவள். அதனால் எனக்குத் தெரிந்த வழியில்தான் உங்கள் கவரைப் பிரித்தேன், கதையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு முதலில் அந்த மூன்று கடிதங்களையும் படித்தேன். எழுதுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தன்னை மட்டம் தட்டிக்கொள்கிறவர் ஆனாலும் சரி, முன்னுரையில் தனக்கே மாலை போட்டுக்கொள்கிறவர் ஆனாலும் சரி, இரண்டு பேருக்கும் தங்கள் பிரதியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

முதல் கடிதம் மூன்றே வரி. ‘அருமை சகோதரி, தங்கள் எழுத்துப் பணி தொடர வாழ்த்துகள், தமிழ் வாழ்க.’ இதை நீங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை, நல்ல மனிதர்தான், கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் மாதிரி, வருகிற எல்லோருக்கும் தெளிப்பார். வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், எத்தனை சொட்டு விழுந்தது என்று அங்கேயே நின்று எண்ணக் கூடாது.

இரண்டாவது, சயானிலிருந்து வேலை ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியது. அதை மட்டும் நான்கு தடவை படித்தேன். (மற்ற வாசகர்களுக்காக: கதை தாராவியில் விடிகாலைக் குழாயடி வரிசையைப் பற்றியது. ஹண்டா என்றால் தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரம், கோலி என்றால் ஒற்றை அறை வீடு.) ‘ரெண்டு ஹண்டா வரிசையில் இருந்தது, பச்சை ஹண்டாவுக்கு மூடி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் கோலியிலும் ஒரு ஹண்டாவுக்கு மூடி கிடையாது. அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைப்பாள். காலையில் அதே தட்டைத் துடைத்துத்தான் எனக்குச் சோறு. உங்கள் கதையில் அந்தப் பச்சை ஹண்டாவை எதை வைத்து மூடினார்கள் என்று சொல்லவே இல்லையே?’

மூன்றாவது, இங்கே செம்பூரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெண். ‘மூன்றாவது பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்று குழப்பமாக இருந்தது, திரும்பப் படித்தேன். அந்தப் பெரியம்மா செய்தது அநியாயம். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.’ அவ்வளவுதான். புகழ்ச்சி என்று ஒரு வார்த்தை இல்லை, நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

பாவம் பார்த்துச் சொல்கிறார்கள் என்கிறீர்களே, பாவம் பார்க்கிற மனிதர் மூடியைப் பற்றிக் கேட்பாரா? இரக்கப்படுகிறவர்கள் பொதுவாகத்தான் பேசுவார்கள், ‘நல்ல முயற்சி’, ‘வளர வேண்டும்’, ‘உங்கள் சூழ்நிலையிலும் எழுதுகிறீர்களே’ என்று. ஒரு மனிதர் தன் அம்மா கவிழ்த்து வைத்த தட்டை நாற்பது ஐம்பது வருடத்துக்குப் பிறகு எடுத்துக் காட்டுகிறார் என்றால் உங்கள் கதை அவர் வீட்டுக்குள் போய் எதையோ தள்ளிவிட்டிருக்கிறது. அந்த நர்ஸ் பெண், இல்லாத ஒரு பெரியம்மாமேல் இன்னும் கோபமாக இருக்கிறாள். இதையெல்லாம் ஒருவர் நடிக்க முடியாது, நடிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை, நீங்கள் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1993இல் நானும் கதை எழுதினேன். ஒன்றே ஒன்று அச்சில் வந்தது, ஒரு கிழவி, ஒரு கால் ஒடிந்த மூக்குக் கண்ணாடி, அதை நூல் கட்டிக் காதில் மாட்டிக்கொண்டு பேத்திக்குச் சட்டை தைக்கிறாள், இப்படி ஏதோ. வந்து ஒரு மாதம் கழித்து கோவில்பட்டியிலிருந்து ஒரு 15 பைசா கார்டு. முகவரிப் பக்கத்தில் பத்திரிகை அலுவலகத்து முகவரியை அடித்து என் முகவரியைச் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பின்பக்கத்தில் ஒரே வரி: ‘அந்தப் பாட்டிக்குக் கண்ணாடி மாத்திக் குடுத்தாங்களா இல்லையா?’ கையெழுத்துகூட இல்லை. எனக்கு அப்போது சப்பென்று போய்விட்டது. கதை எப்படி, நடை எப்படி, நான் எழுத்தாளரா இல்லையா, இதில் ஒன்றுக்கும் பதில் இல்லையே என்று. அது எவ்வளவு பெரிய மரியாதை என்று புரிய எனக்குப் பத்து வருடம் பிடித்தது. கார்டு இன்னும் இருக்கிறது, பிஸ்கட் டப்பாவில், ரேஷன் கார்டோடு.

நீங்கள் வாசகர்களிடம் தப்பான கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘நான் எழுத்தாளர்தானா, சொல்லுங்கள்’ என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே அவர்கள் கடிதத்தைப் பிரிக்கிறீர்கள். அதற்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது, அது அவர்கள் வேலையும் இல்லை. அவர்களால் சொல்ல முடிந்தது ஒன்றுதான், படிக்கும்போது தங்களுக்கு என்ன ஆனது என்பது. கோர்ட்டில் சாட்சி சொல்கிறவரிடம் போய்த் தீர்ப்பைக் கேட்டால் அவர் என்ன செய்வார்? ஏதோ மரியாதைக்கு ஒன்று சொல்வார், நீங்களும் அதை நம்பாமல் வீட்டுக்குப் போவீர்கள். சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், சயான்காரரின் கடிதம் போல உறுதியான சாட்சி எனக்கு வந்த பெரிய எழுத்தாளர்களின் பிரதிகளுக்குக்கூடக் கிடைத்ததில்லை.

சரி, அந்தப் பெரியவருக்கு வருவோம்.

உங்கள் கதை கையெழுத்தில் 11 பக்கம். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணினேன், இது என் தொழில் வியாதி. பிழைகள் 46. அதில் 31 ஒரே இரண்டு வகை. ஒன்று, ‘ஐ’ வந்த பிறகு வல்லினம் வந்தால் ஒற்றுப் போடாமல் விட்டது, கதவை திறந்தாள், ஹண்டாவை தூக்கினாள் என்று. கதவைத் திறந்தாள், ஹண்டாவைத் தூக்கினாள். இன்னொன்று, அந்த, இந்த, எந்த. அந்தக் குழாய், இந்தப் பக்கம், எந்தச் சால். இவற்றோடு ‘கு’ உருபையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போனாள், கடைக்குச் சென்றாள். இந்த மூன்றும் கைக்குப் பழகிவிட்டால் உங்கள் பிழையில் முக்கால்வாசி போய்விடும். படித்துப் பார் என்பதில் ஒற்று வரும், வந்து பார் என்பதில் வராது, ஏன் என்றால் அதற்குக் குற்றியலுகரம் வரைக்கும் போக வேண்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சரளமாக எழுதுகிற பலர் அங்கே சறுக்குகிறார்கள். மிச்சம் 15இல் பாதி ர, ற குழப்பம். அதற்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1992இல் முதலில் வந்தது, அப்புறம் திருத்தி விரிவாக்கிய பதிப்புகளும் வந்துவிட்டன. நான் இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைத்தான் புரட்டுகிறேன்.

உங்கள் 11 பக்கத்தையும் திருத்த எனக்கு 40 நிமிடம் ஆனது, நடுவில் ஒரு டீ. எட்டு மாதம் நீங்கள் எழுதாமல் இருந்தது இந்த 40 நிமிட வேலைக்காக. இதைக் கேட்டுக் கோபம் வந்தால் நல்லது.

ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதை முழுக்கத் தள்ளவும் எனக்கு மனமில்லை. சொன்ன விதம் அநாகரிகம், நாலு பேர் முன்னால் ஒரு பெண்ணை எழுந்து நிற்க வைத்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் அவர் காதில் ஏதோ ஒன்று உறுத்தியிருக்கிறது. அது என்ன என்று முதல் பக்கத்தைப் பார்த்ததும் புரிந்தது. விடிகாலை மூன்றரை மணிக்குத் தண்ணீர் வரும் கதைக்கு நீங்கள், ‘கீழ்வானில் ஆதவன் தன் பொற்கரங்களை நீட்டும் முன்னரே’ என்று ஆரம்பிக்கிறீர்கள். தாராவியில் அந்த நேரத்தில் ஆதவனையும் பார்க்கவில்லை, கீழ்வானத்தையும் பார்க்கவில்லை, எதிர்வீட்டுத் தகரக் கூரையைத்தான் பார்த்திருப்பீர்கள். இது உங்கள் தமிழ் இல்லை. ‘என் தமிழ் போதாது’ என்ற பயத்தில் யாரோ ஒருவரின் பட்டுப்புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், அது காலில் தடுக்குகிறது. நான்காம் பக்கத்தில் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ‘அம்மா ஹண்டாவை வெச்சுட்டு மோரிக்குப் போனா, அந்த கேப்ல பெரியம்மா நம்பரை மாத்திட்டா’ என்று எழுதும்போது கதை பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. கோலி, மோரி, ஹண்டா, நாக்கா எல்லாம் இருக்கட்டும், ஒன்றையும் நான் தொடவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக தாராவியில் வாழ்கிறவர்கள் பேசுகிற தமிழும் தமிழ்தான், அதை எழுத்தில் கொண்டுவர உங்களைப் போல அதற்குள் பிறந்தவர்தான் வேண்டும். எனக்கு அந்த உரிமை கிடையாது, நான் கல்யாணமாகி மும்பைக்கு வந்தவள், முப்பது வருடமாக இங்கே இருந்தும் என் வாயில் ‘மோரி’ வருவதில்லை, ‘பாத்ரூம்’ என்றுதான் சொல்வேன்.

மும்பையில் உட்கார்ந்துகொண்டு தமிழில் எழுதினால் யார் மதிப்பார்கள் என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். நாஞ்சில் நாடன் இங்கே கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், 2010இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். அம்பை இங்கேதான் இருக்கிறார், 2021இல் அவருக்குக் கிடைத்தது. அந்தக் கவலையை இத்தோடு விடுங்கள்.

இனி அந்தப் பத்து நிமிட விஷயம். பாராட்டு வந்த பத்து நிமிடத்தில் சந்தோஷம் வற்றிப்போய்ச் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்கிறீர்கள். இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1978இல் அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சுஸான் ஐம்ஸ் என்ற இரண்டு மனநல நிபுணர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். தங்கள் துறையில் நன்றாகச் செய்துகொண்டிருந்த, 150க்கும் மேற்பட்ட பெண்களோடு பேசிப் பழகியதை வைத்து எழுதியது. பட்டம், பதவி, மதிப்பெண், பாராட்டு எல்லாம் இருந்தும் அந்தப் பெண்கள், ‘நான் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், என்றைக்காவது மாட்டிக்கொள்வேன்’ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்களாம். இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று இன்றைக்கு ஆபீஸில் பயிற்சி வகுப்பு எடுக்கிறவர்கள் எல்லாம் சொல்வது இதைத்தான், அந்த இருவரும் அதை நோய் என்ற அர்த்தத்தில் சிண்ட்ரோம் என்று சொல்லவில்லை, சொன்னது நிகழ்வு என்ற பொருளில்.

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வெற்றிமேல் வெற்றி வந்தால் மட்டும் இந்த நினைப்பு போய்விடாது என்கிறார்கள். அதாவது இன்னும் பத்துக் கடிதம் வந்தால் தைரியம் வந்துவிடும் என்று நீங்கள் காத்திருந்தால் பத்தும் வரும், தைரியம் வராது. ஓட்டைக் குடத்தில் எத்தனை முறை ஊற்றினால் என்ன. அதற்கு அவர்கள் கொடுத்த வேலைகளில் ஒன்று எளிமையானது. தன்னைப் பற்றி யாராவது நல்லதாக ஏதாவது சொன்னால் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதிவிட்டுப் பக்கத்திலேயே, அதை ஏற்றுக்கொள்ளாமல் இருக்கத் தான் என்ன தந்திரம் செய்தோம் என்பதையும் எழுத வேண்டும். அப்புறம் ஒரு தடவை மாற்றிச் செய்து பார்க்க வேண்டும், வந்த நல்ல வார்த்தையைத் தள்ளிவிடாமல் அப்படியே கேட்டுக்கொள்வது.

இந்த இரண்டாவது பகுதி இருக்கிறதே, வந்த நல்ல வார்த்தையைத் தள்ளாமல் கேட்டுக்கொள்வது, நம் ஊர்க்காரர்களுக்கு அது ரொம்பத் தேவை. ‘புடவை நன்றாக இருக்கிறதே’ என்று யாராவது சொன்னால் நாம் என்ன சொல்வோம்? ‘அய்யோ, பழசு, தீபாவளித் தள்ளுபடியில் எடுத்தது, அதுவும் சாயம் போகுது.’ கேட்டவர் பாவம், தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் போல என்று பின்வாங்கிவிடுவார். சமையலுக்கும் அப்படித்தான், ‘இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்’ என்று நாமே முந்திக்கொள்வோம். அடக்கம் என்று சொல்லி வளர்த்த பழக்கம் இது. நீங்கள் சயான்காரருக்கு என்ன பதில் எழுதினீர்கள் என்பதையும் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், நல்ல வேளை. ‘ஐயா, அதெல்லாம் பெரிய கதை இல்லை, ஏதோ லோக்கலில் கிறுக்கியது, எனக்கு இலக்கணம் தெரியாது, மன்னிக்கவும்.’ மனிதர் தன் அம்மாவின் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார், நீங்கள் அவரிடம் இலக்கணத்துக்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள். அவர் கேட்ட மூடிக்குப் பதிலும் இல்லை. அவர் திரும்ப எழுதவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள், எப்படி எழுதுவார்?

நீங்கள் அக்கவுண்ட்ஸ் ஆள், வரவு செலவு தெரியும். நோட்டில் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் வாசகர் சொன்னது, அவருடைய வார்த்தையிலேயே, சுருக்காமல். வலது பக்கம் அதை நீங்கள் எப்படித் தள்ளுபடி செய்தீர்கள் என்று. ஒரு மாதம் கழித்து வலது பக்கத்தை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே நாலைந்து சாக்குத்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும், படிக்க உங்களுக்கே போரடிக்கும்.

பெரிய பெரிய எழுத்தாளர்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அது என்றைக்கும் உதவியதில்லை, அவர் ஸ்டைன்பெக், பெரிய அமெரிக்க நாவலாசிரியர், அவருக்குச் சந்தேகம் வந்தால் அழகு, எனக்கு வந்தால் நியாயம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஸ்டைன்பெக் செய்த ஒரு காரியம் பிடிக்கும். 1938இல் மே கடைசியில் ஒரு நாவலைத் தொடங்கி அக்டோபரில் முடித்தார், அந்த ஐந்து மாதமும் பக்கத்தில் ஒரு நாட்குறிப்பு. தன்னால் முடியாது, தனக்கு எழுத வராது என்ற புலம்பல் எல்லாம் அதில் போகும். புலம்பி முடித்த பிறகு அன்றைய பக்கங்கள். சந்தேகம் போகட்டும், அப்புறம் எழுதலாம் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை, அதற்கு ஒரு தனி நோட்டைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். லோக்கலில் நீங்கள் இதைச் செய்யலாம். டோம்பிவிலியிலிருந்தே கிளம்புகிற ஸ்லோவில் ஏறுகிறீர்கள், உட்கார இடம் கிடைக்கிறது. திவா வரும்வரை புலம்புங்கள், நோட்டில். திவாவில் கூட்டம் ஏறி உங்கள் முழங்காலை ஒருவர் இடித்ததும் கதைக்கு வந்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் என் வேலையைச் செய்யாதவள் ஆவேன். வாசகர்களின் அன்பு சில நேரம் கயிறாகிவிடும். மூடியைப் பற்றிக் கேட்ட மனிதருக்கு இன்னொரு குழாயடிக் கதை வேண்டும், அதற்கு அடுத்ததும் அதுவே வேண்டும். ஒரே கதையை ஏழு தடவை எழுதித் தொகுப்பாகக் கொண்டுவந்தவர்களின் பிரதிகளை நான் திருத்தியிருக்கிறேன், ஒவ்வொரு கதைக்குக் கீழேயும் வந்த பாராட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அடுத்த கதையில் என்ன எழுதுவது என்று வாசகரைக் கேட்காதீர்கள். எழுதி முடித்த கதையைப் பற்றி மட்டும் கேளுங்கள், அதுவும் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்றுதான் வரும். எந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனீர்கள், எந்தப் பத்தியைத் தாண்டிப் படித்தீர்கள், மறுநாள் காலையில் எது ஞாபகம் இருந்தது, இப்படிக் கேளுங்கள். அந்த நர்ஸ் பெண்ணைப் போல ‘மூன்றாவது பக்கம் புரியவில்லை’ என்று சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள், நானும் அங்கேயே தடுக்கினேன், அம்மா பேசுவதும் பெரியம்மா பேசுவதும் ஒரே மாதிரி இருக்கிறது, யார் என்று தெரிய ஒரு சொல் போட்டால் போதும். புருஷனிடமும் நாத்தனாரிடமும் காட்ட வேண்டாம், அவர்கள் கதையில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்றுதான் தேடுவார்கள். பெரியம்மா யார் என்று வீட்டில் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்களே?

நிறுத்திவிடவா என்ற கேள்விக்கு வருகிறேன். நிறுத்துவது பாவமில்லை. நான் நிறுத்தினேன். அந்தக் கிழவிக் கதைக்குப் பிறகு அனுப்பிய இரண்டாவது கதையை ஒரு பத்திரிகையிலிருந்து, ‘உங்களுக்கு வேறு ஏதாவது வரும், முயன்று பாருங்கள்’ என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பல வருடம் அதை நினைத்து நினைத்து வெந்தேன். அப்புறம் ஒரு நாள் யாரோ ஒருவருடைய கதையில் ஒரு பத்தியை மேலிருந்து கீழே நகர்த்தினேன், கதை மூச்சு விட ஆரம்பித்தது, அந்தச் சந்தோஷம் எனக்குச் சொந்தக் கதையில் ஒருநாளும் கிடைத்ததில்லை. அவர்கள் எழுதிய விதம் கொடுமை, ஆனால் சொன்னது உண்மையாகப் போய்விட்டது, என்ன செய்ய. நிறுத்திய பிறகு எனக்கு ஒரு கிழவியையும் கண்ணாடியையும் பார்த்தால் எழுதத் தோன்றவில்லை, நிம்மதியாக இருந்தேன்.

உங்கள் விஷயம் அப்படித் தெரியவில்லை. எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று சொன்ன அதே கடிதத்தில், ஒன்றரைப் பக்கம், லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் கிளிப்பும் கம்மலும் விற்கிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இங்கே அச்சிட இடமில்லாமல் வெட்டிவிட்டேன், மன்னிக்கவும். கம்மல் அட்டையைத் தொங்கவிட்டிருக்கும் கம்பியை அவள் பல்லில் கடித்துக்கொண்டு சில்லறை எண்ணுகிறாள், முலுண்ட் வந்ததும் போலீஸ்காரி ஏறுகிறாளா என்று பார்க்கத் தலையை மட்டும் வெளியே நீட்டுகிறாள், உங்களிடம் பத்து ரூபாய் மிச்சம் வைத்துவிட்டு மூன்று நாள் கழித்து, ‘அக்கா, உன் பத்து’ என்று கொண்டு வந்து கொடுக்கிறாள். இந்தக் கடிதத்துக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. கை தானாக எழுதிவிட்டது. இதில் ஆதவனும் இல்லை, பொற்கரமும் இல்லை, என்னிடம் பேசுகிற மாதிரி எழுதியதால் பயம் ஏறவில்லை. ஒற்றுப் பிழை 9, அதைப் பற்றி இப்போது என்ன.

அதனால் இப்போதைக்குக் கதை எழுத வேண்டாம். சயான்காரருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மன்னிப்பு, இலக்கணம், கிறுக்கல் எதுவும் அதில் வரக் கூடாது. தட்டைப் பற்றி எழுதியதற்கு நன்றி சொல்லிவிட்டு, பச்சை ஹண்டாவை எதை வைத்து மூடினார்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன், கதையில் எழுதாமல் விட்டதற்கு ஏதோ காரணம் இருக்கிறது. அது ஒரு பக்கம் வந்தாலும் சரி, பத்துப் பக்கம் வந்தாலும் சரி, எனக்கு ஒரு நகல் வேண்டும்.

திருத்திய பிரதியைக் கூரியரில் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன், அது மொத்தமாகப் போகட்டும். கடைசிப் பக்கத்தில் பெரியம்மா திருந்துகிற பத்தியையும் எடுத்துவிட்டேன், அவள் திருந்த மாட்டாள், அந்த நர்ஸ் பெண் கோபமாகவே இருக்கட்டும். ஆறாம் பக்கத்தில் வட்டமாக இருப்பது திருத்தம் இல்லை, டீ கிளாஸ் வைத்த கறை.

அன்புடன்,
அக்கா
செம்பூர், மும்பை